பதிவேடும் ஓர் அமானிதம்: மருத்துவ மென்பொருள் மாநாடு பயன் தர வேண்டுமானால்

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில், திண்டிவனத்தில் கூடிய உறுப்பினர் குடும்பங்களின் முன் ஆற்றிய உரை)

 

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள சிறு மருத்துவமனைகள், கிளினிக்குகள், இரத்தப் பரிசோதனை நிலையங்கள் இவற்றில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிவு செய்கிறவர்களை ஒருநாள் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் பேச வேண்டும் என்று நம் அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. இந்தச் செய்தியைச் சொன்னதும் பெரியவர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள்: "இது டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. இதில் ஜமாஅத்துக்கு என்ன இருக்கிறது?"

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, இந்த மாநாட்டை எப்படி நடத்தப் போகிறோம் என்பதையும் உங்கள் முன் வைக்கிறோம். நீங்கள் குறை சொன்னால் இப்போதே திருத்திக்கொள்ளலாம். நடத்தி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. அப்படி ஒருமுறை பட்டுவிட்டோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஒரே ஆள், இரண்டு நம்பர்

நம் குடும்பங்களில் ஒரு பெரியம்மா. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அது அவருடைய அமானிதம். அவருக்கு ஒரு குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாது. பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறி, அல்லாஹ்வின் அருளால் பிழைத்தவர். அதே மருத்துவமனையின் கணினியில் அந்த எச்சரிக்கை தெளிவாகப் பதிவாகியும் இருந்தது.

சென்ற ஆண்டு காய்ச்சலோடு அங்கேயே அழைத்துப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்தார். "இல்லையே, புதுசாத்தான் போடணும்" என்று புது நம்பர் கொடுத்துவிட்டார். முதல் பதிவில் பெயரின் முடிவில் 'பீ' என்று இருந்தது. கையில் கொண்டுபோன ஆதாரில் 'பீவி'. முன்பு கணவர் பெயரின் முதலெழுத்து இனிஷியல், இப்போது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பிறந்த தேதி முன்பு குத்துமதிப்பு வயது, இப்போது ஜனவரி 1. கைப்பேசி எண்ணும் வேறு. கணினிக்கு இவர் புதிய ஆள். புதிய பதிவில் ஒவ்வாமை என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

அதே மருந்தை எழுதிவிட்டார்கள். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த செவிலியர், போடுவதற்கு முன் வாய் திறந்து கேட்டார்: "அம்மா, உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" மகள் பதறிப்போய்ச் சொன்னார். ஊசி நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று அந்த அம்மாவைக் காப்பாற்றியது கணினி இல்லை. ஒரு செவிலியரின் கேள்விதான். அந்தச் செவிலியர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? மகள் மருந்து வாங்க வெளியே போயிருந்தால்?

நம்மை ஏன் அதிகம் தொடுகிறது

பெயர்க் குழப்பம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் நம் பெயர்கள் அரபியிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் போகும்போது எழுத்து பல விதமாக மாறுகிறது. முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்கள் வீட்டு அட்டைகளை எடுத்துப் பாருங்கள். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. பீ, பீவி, பேகம், பானு என்று பெண்கள் பெயரின் முடிவு எழுதுகிறவர் கைக்குத் தகுந்தபடி மாறுகிறது. ஒரே தெருவில் ஒரே பெயருள்ள நாலு பேர் இருப்பதும் நமக்குப் புதிதல்ல.

அடுத்தது கைப்பேசி. வீட்டின் எண் என்று கொடுப்பது பெரும்பாலும் மகனின் எண். மகன் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும். இங்கே கவுன்ட்டரில் தாயார் காத்திருப்பார். அங்கே மகன் வேலையில் இருப்பார்.

மூன்றாவது, பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களைப் பதிவு செய்ய பிக்மி என்ற கணினிப் பதிவு முறை 2008 முதல் இருக்கிறது. அதில் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கிறார்கள். மாமியார் வீட்டில் இருக்கும்போது ஒரு பதிவு, ஏழாம் மாதம் தாய்வீடு வந்ததும் இன்னொரு பதிவு என்று இரண்டாகிவிட்டால், எடுத்த இரத்தப் பரிசோதனை ஒரு பதிவில், போட்ட தடுப்பூசி இன்னொரு பதிவில் என்று சிதறிவிடும். ஏற்கெனவே உள்ள எண்ணைச் சொன்னால் போதும், அதையே தொடரலாம். இதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

இன்று இந்தப் பதிவுகள் இல்லாமல் யாருடைய வைத்தியமும் நடப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் சகோதரி விவரத்தைப் பதிவு செய்துகொண்டுதான் போகிறார். ஆபா என்ற 14 இலக்க சுகாதார எண்ணை நம் பக்கத்துப் புதுச்சேரியில் 2020 ஆகஸ்ட்டிலேயே முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 2021 செப்டம்பர் 27ஆம் தேதி நாடு முழுதும் விரிவாக்கினார்கள். காப்பீட்டு அட்டைக்கும் பெயர் பொருந்த வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் மாறி மாறிப் போகிற நம் மக்களின் கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பையும், அதற்குள் ஓ.பி. சீட்டுகளும்தான்.

எழுதி வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்திய அபூபக்கர் அர்ராஸி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தாம் பார்த்த நோயாளிகளின் விவரத்தைக் குறித்து வைத்தார். அவருடைய மாணவர்கள் தொகுத்த அந்தக் குறிப்பில் ஏறத்தாழ 900 நோயாளிகள் இருக்கிறார்கள். யாருக்கு என்ன நோய், என்ன கொடுத்தோம், என்ன ஆனது என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர் கற்றுக்கொள்ள முடியும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

எங்கள் முதல் கூட்டம்

இப்போது எங்கள் தவற்றுக்கு வருகிறோம்.

இந்தப் பெரியம்மாவின் சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, இதே நோக்கத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். மண்டபம் பிடித்தோம். பேனர் கட்டினோம். மேடையில் பதினொரு நாற்காலி. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரும் வாழ்த்துரை. அது முடியவே பன்னிரண்டு மணி. பிறகு ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி திரையில் படம் போட்டுத் தங்கள் மென்பொருளின் சிறப்புகளை விளக்கினார். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களே இல்லை. மதியம் பிரியாணி நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் கவுன்ட்டர் பெண்களும் செவிலியர்களும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். 'கலந்துரையாடல்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்த நேரத்தில் மண்டபத்தில் நாங்களும் சமையல்காரரும்தான் இருந்தோம்.

வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றார். ஒரு சிறு மருத்துவமனையில் டோக்கன் போடுகிறவர். "பாய், நான் ஒரே ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். கேக்க இடமே கிடைக்கல. ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் விழுந்துட்டா, அதை எப்படி ஒண்ணா சேர்க்கறது?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்கிறோம்மா" என்றோம். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

சில மாதம் கழித்துப் பெரியம்மாவின் செய்தி வந்தபோதுதான் அந்தக் கேள்வியின் எடை எங்களுக்குப் புரிந்தது. அவ்வளவு செலவு செய்து நடத்திய கூட்டத்தில் பேச வேண்டியிருந்த ஒரே விஷயம் அதுதான். அது வாசலில் நின்றுவிட்டது. கல்யாணத்துக்குத் திட்டமிடுவது போலத் திட்டமிட்டோம். யாரை மேடையில் உட்கார வைப்பது என்று யோசித்தோமே தவிர, வருகிறவர் எதைக் கற்றுக்கொண்டு திரும்புவார் என்று யோசிக்கவில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

அதன் பிறகு விசாரித்தோம். ஓபன்எம்ஆர்எஸ் என்று ஒரு மருத்துவப் பதிவு மென்பொருள் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள். யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம், தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய வேலை. கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சிகிச்சையில் முதலில் கைகொடுத்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் உலகின் பல பக்கங்களிலிருந்தும் வந்து மாநாடு கூடுகிறார்கள். 2016இல் உகாண்டாவின் கம்பாலாவில், 2019இல் மொசாம்பிக்கின் மபுட்டோவில் கூடினார்கள். மென்பொருள் எங்கே வேலை செய்கிறதோ அந்த ஊர்ப் பக்கமே மாநாடு போகிறது.

அந்தக் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா அமர்வுகளின் தலைப்பையும் முன்கூட்டியே அச்சடித்து வைப்பதில்லை. ஒரு பகுதி நேரத்தைக் காலியாக விட்டுவைத்து, வந்தவர்களையே கேட்கிறார்கள்: "உங்களுக்கு என்ன பிரச்சினை? எதைப் பேச வேண்டும்?" அவரவர் சொல்வதைப் பலகையில் ஒட்டி, அறை அறையாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் கேள்வி அங்கே முதல் தலைப்பாக இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் என்ற தொண்டு நிறுவனம் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்துகிறது. பாம்னி என்ற மென்பொருள் அந்த மருத்துவமனையோடு சேர்ந்துதான் உருவானது. ஓபன்எம்ஆர்எஸ்ஸை அடிப்படையாக வைத்து, பரிசோதனைக் கூடத்துக்கும் கணக்குக்கும் வேண்டியவற்றை அதில் இணைத்தார்கள். வேலை செய்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் நல்ல மென்பொருள் பிறக்கும் என்பதற்கு அது சாட்சி.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நம் விழுப்புரத்திலேயே வி.ஜி.எல்.யு.ஜி. என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு பல ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வருகிறது. மேடைப் பகட்டு இல்லாமல் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் வழக்கம் நம் ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம்

முதலில், கேள்வி சேர்ப்பது. மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே, வர ஒப்புக்கொண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுவோம். கணினியில் எங்கே சிக்கினோம், எதற்கு நேரம் போனது, எதைப் பேப்பரில் எழுதிச் சமாளித்தோம் என்று அன்றன்றே ஒரு வரி எழுத வேண்டும். நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. அந்த நோட்டுகளிலிருந்துதான் தலைப்புகள் வரும்.

இரண்டாவது, யாரை அழைப்பது. மருத்துவர்களும் முதலாளிகளும் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் இடம் முதலில் கவுன்ட்டரில் இருப்பவருக்கு, செவிலியருக்கு, மருந்தகத்தில் இருப்பவருக்கு, இரத்தப் பரிசோதனை செய்பவருக்கு. அவர்களில் பெரும்பாலோர் நம் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. மாநாடு எல்லாருக்குமானது. நோயாளி வீட்டார் இருவரும் வர வேண்டும். மென்பொருள் நிறுவனத்தார் வந்தால் அவர்களுக்கு மேடை கிடையாது, பெஞ்சு உண்டு. காலையில் கேட்க வேண்டும், மாலையில் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று யாரும் வராமல் இருந்துவிடக் கூடாது. அன்றைய சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு நிர்வாகத்தையும் நேரில் பார்த்துக் கேட்கப் போகிறோம்.

மூன்றாவது, நாளும் இடமும். ஜும்ஆ நாள் வேண்டாம், ரமலான் வேண்டாம், புறநோயாளிக் கூட்டம் அலைமோதும் திங்கள் வேண்டாம். முகூர்த்த நாளும் வேண்டாம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் மாலை நான்கு. வெளியூர்ப் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். மண்டபம் எடுக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்தின் நாலு வகுப்பறை போதும். பெஞ்சைத் திருப்பிப் போட்டால் பத்துப் பேர் முகம் பார்த்துப் பேசலாம். இரு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர்தான். இந்த முறை திண்டிவனம் என்றால் அடுத்த முறை விழுப்புரம்.

நான்காவது, என்ன பேசுவது. நோட்டுகளில் வருவது போக, நாங்கள் கட்டாயம் வைக்க நினைப்பவை நான்கு.

முதலாவது, இரட்டைப் பதிவு. புது நம்பர் போடுவதற்கு முன் பெயரை மட்டும் தட்டாமல், கைப்பேசி எண், ஊர், வயது என்று இரண்டு மூன்று வழியில் தேடுவது எப்படி என்று கையோடு செய்து பார்க்க வேண்டும். "இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா? அப்போ யார் நம்பர் கொடுத்தீங்க?" என்ற கேள்வியைப் பழக வேண்டும். இரண்டு பதிவைச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்துவிட்டால் அது இன்னும் மோசம். ஆகவே யார் சேர்க்கலாம், எதையெல்லாம் ஒப்பிட்ட பிறகு சேர்க்கலாம், மருத்துவர் எப்போது பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதை ஒவ்வோர் இடமும் எழுதி முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

அடுத்தது, ஒவ்வாமைக் கட்டம். காலியாக இருப்பது வேறு, 'கேட்டோம், எதுவும் இல்லை' என்று எழுதியிருப்பது வேறு. காலியாக விட்டால் யாருமே கேட்கவில்லை என்று பொருள். இந்த வித்தியாசத்தை ஒருநாளில் எல்லாரும் மனத்தில் வாங்கிக்கொண்டாலே மாநாட்டின் செலவு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, நோன்பு. சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்படியானால் ரஜப் மாதத்திலேயே இந்த வேலை தொடங்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் யார் யார் என்று மென்பொருளிலிருந்து பட்டியல் எடுக்கத் தெரிந்தால், மருத்துவமனையே அவர்களைக் கூப்பிட்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் பேசலாம். பதிவு செய்யத் தெரிந்த பலருக்குப் பட்டியல் எடுக்கத் தெரிவதில்லை. அதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான்காவது, கரண்ட் போனால் என்ன செய்வது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை நாம் மறக்கவில்லை. நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கணினி அணைந்து கிடக்கும், நோயாளி மட்டும் வருவார். அப்போது எழுத ஒரு காகிதப் படிவம், அதை மறுநாள் யார் கணினியில் ஏற்றுவது என்ற ஏற்பாடு, பதிவுகளின் நகல் தண்ணீர் ஏறாத வேறோர் இடத்தில் இருக்கிறதா, அந்த நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறோமா என்ற சோதனை. இவற்றைப் பேச வேண்டும்.

ஐந்தாவது, இரகசியம். மாநாட்டில் எந்த நோயாளியின் உண்மைப் பதிவையும் திரையில் காட்டக் கூடாது. பழகுவதற்குக் கற்பனை நோயாளிகளை உருவாக்கி வைத்திருப்போம். 'சந்தேகம் கேட்க' என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் போடும் பழக்கத்தை அன்றே நிறுத்தச் சொல்வோம். ஒரு பெண்ணின் கர்ப்பப்பைச் சிகிச்சையோ, ஓர் இளைஞனின் மனநலச் சிகிச்சையோ நாலு பேர் கைப்பேசிக்குப் போய்விட்டால், அதைத் திரும்ப அள்ள முடியாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டத்துக்கு முன்பே இது அமானிதம்.

ஆறாவது, முடிக்கும் விதம். நன்றியுரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வோர் இடத்திலிருந்து வந்தவரும் 'நாங்கள் மாற்றப்போகும் ஒரு விஷயம், செய்யப்போகிறவர், முடிக்கும் தேதி' என்று மூன்றே மூன்று வரி எழுதித் தர வேண்டும். பத்து தீர்மானம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து எங்கள் குழு நேரில் போய் அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்கும். பதில் தெரியாத கேள்விகளையும் தனியாக எழுதி, யார் விசாரித்துச் சொல்வது என்று பெயர் போட்டுவிடுவோம். "கேட்டுச் சொல்கிறோம்மா" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இதற்கு ஜகாத் பணத்திலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. பொது நன்கொடையில் மருத்துவ உதவிக்கென்று வந்ததிலிருந்து மட்டுமே. பொன்னாடை இல்லை, பேனர் இல்லை, நினைவுப் பரிசு இல்லை. டீ, வடை, மதியம் எல்லாரும் சாப்பிடக்கூடிய சைவச் சாப்பாடு. லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேர இடைவேளை. மென்பொருள் நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கப் போவதில்லை. வாங்கினால் நாற்காலி கொடுக்க வேண்டிவரும், நாற்காலி கொடுத்தால் மைக்கும் கொடுக்க வேண்டிவரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மாநாடு அவர்களுக்கு. வேலை நமக்கும் உண்டு.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த எழுத்தில் பெயர் என்று ஆதாரைப் பார்த்து முடிவு செய்து, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதையே சொல்லுங்கள். இனிஷியலையும் மாற்றாதீர்கள். ஆதாரிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

ஊரில் இருப்பவரின் கைப்பேசி எண்ணைப் பதிவில் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணை இரண்டாவதாகக் கொடுக்கலாம்.

ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். உள்நோயாளியாக இருந்தவரின் பதிவை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. இது நம் உரிமை. சண்டை போடாமல், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கவுன்ட்டரில் இருக்கும் பெண் ஒருமுறைக்கு இரண்டு முறை பெயரைக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று நாம் அதட்டினால், அவர் அவசரத்தில் புது நம்பர் போட்டு அனுப்பிவிடுவார். அவர் கேட்பது நம் உயிருக்காக.

பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாநாட்டு அன்று அறைக்கு ஒருவராகக் குறிப்பெடுக்க நாலு பேரும், கற்பனை நோயாளிப் பதிவுகளைத் தயார் செய்ய இரண்டு பேரும் வேண்டும். பெண் பிள்ளைகளும் வர வேண்டும், வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகத்தான் இருப்பார்கள். மேடைப் பேச்சு வராதவர்களாக இருந்தால் ரொம்ப நல்லது.

பெரியோர்களே, "இதில் ஜமாஅத்துக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். அந்தப் பெரியம்மா இன்று நலமாக இருக்கிறார். அவருடைய இரண்டு பதிவும் இன்னும் இரண்டாகவேதான் இருக்கின்றன. அவற்றை முறையாக ஒன்றாக்கி, ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பி, அந்த அம்மாவின் மகளிடம் காட்ட வேண்டும். வாசலில் நின்று கேட்ட அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துவிட்டோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கேள்விதான் முதல் அமர்வு. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், மற்றவை எப்படிப் போனாலும் இந்த மாநாடு வீண் இல்லை என்று நாங்கள் எண்ணிக்கொள்வோம்.

இன்ஷா அல்லாஹ், நடந்ததை நடந்தபடி, குறையையும் சேர்த்து, இதே மடலில் எழுதுகிறோம்.

வஸ்ஸலாம்.